பிரிட்டனில் உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குத் தன்னார்வலராவது எப்படி?

பிரிட்டனின் சிறிய ரயில் நிலையங்கள் பலவற்றில் ஊழியர் என்று யாரும் இருப்பதில்லை. ஒரு டிக்கெட் இயந்திரம், ஒரு உதவிப் பொத்தான், கம்பத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான். அங்கே பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குப்பை பொறுக்குவது, பலகையில் கிழிந்த அறிவிப்பை மாற்றுவது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாதுகாப்பாக ரயிலேறப் பழக்குவது எல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் செய்வதுதான். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையக் குழுக்களும், ஒரு ரயில்பாதை முழுவதையும் கவனிக்கும் கம்யூனிட்டி ரயில் பார்ட்னர்ஷிப்கள் எழுபதுக்கும் மேலாகவும் இருக்கின்றன. அவற்றின் கூட்டங்களில் நம்மவர்களைப் பார்ப்பது அரிது.

புதிதாக வந்த தமிழர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களைச் சேர்ப்பார்களா, விசாவுக்குச் சிக்கல் வருமா, யாரிடம் கேட்பது என்றுதான் கேட்கிறார்கள். தெற்கு இங்கிலாந்தில் எங்கள் ஊர் நிலையக் குழுவில் சேரவும், பிறகு அந்தக் குழுவுக்கு நிதி வாங்கவும் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கேட்ட இடத்திலெல்லாம் பாதிப் பதில்தான் கிடைத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. நிலையம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

தண்டவாளமும் நிலையங்களும் பெரும்பாலும் நெட்வொர்க் ரயில் என்ற அரசு அமைப்பின் சொத்து. ஆனால் ஊர் நிலையங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது ரயில் ஓட்டும் நிறுவனம். இரண்டு மூன்று நிறுவனங்களின் ரயில்கள் நின்று போகும் நிலையத்திலும் நடத்தும் பொறுப்பு ஒன்றிடம்தான் இருக்கும். உங்கள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய இடம் அதுவே. நேஷனல் ரயில் இணையதளத்தில் நிலையத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் நடத்துபவர் யார் என்று தெரிந்துவிடும்.

இப்போது இதில் ஒரு சிக்கல் உண்டு. ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு மாறி வருகின்றன. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே, ஜூலையில் சி2சி, அக்டோபரில் கிரேட்டர் ஆங்கிலியா என்று அந்த வரிசை தொடங்கியது. பழைய துண்டுப்பிரசுரத்திலோ நண்பர் அனுப்பிய படத்திலோ இருக்கும் மின்னஞ்சல் முகவரியை நம்பி எழுதாதீர்கள். அன்றைய இணையதளத்தில் இருப்பதை எடுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பிராட்வே போன்ற பாதாள ரயில் நிலையங்கள் லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் வருகின்றன. நான் சொல்லப்போகும் வழி அங்கே பொருந்தாது. லண்டனின் ஓவர்கிரவுண்ட் என்ற ரயில் சேவையின் நிலையங்களில் தோட்டம் போட விரும்பினால் எனர்ஜி கார்டன் என்ற திட்டத்தை விசாரியுங்கள். நியூ மால்டன், சர்பிட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் வழிதான்.

2. ஏற்கெனவே இருக்கும் குழுவைத் தேடுங்கள்

புதிதாக ஒரு குழு தொடங்க வேண்டும் என்ற ஆசை இருந்தாலும் முதல் ஆண்டு இருக்கிற குழுவோடு வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம். அனுமதி, காப்பீடு, கருவிகள், சாவி எல்லாம் அவர்களிடம் தயாராக இருக்கும். கம்யூனிட்டி ரயில் நெட்வொர்க் என்பது இந்தக் குழுக்களுக்கெல்லாம் பொதுவான அமைப்பு. அதன் இணையதளத்தில் பகுதிவாரியாக உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. மில்டன் கீன்ஸ் பக்கம் இருந்தால் பிளெட்ச்லியிலிருந்து பெட்ஃபோர்டு போகும் மார்ஸ்டன் வேல் பாதை, வாட்ஃபோர்டில் இருந்தால் செயின்ட் ஆல்பன்ஸ் போகும் ஆபி பாதை, ஹடர்ஸ்ஃபீல்டிலோ ஷெஃபீல்டிலோ இருந்தால் பெனிஸ்டன் பாதை, எக்ஸிட்டரில் இருந்தால் டார்க்கா பாதை என்று ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று கிடைக்கும்.

பார்ட்னர்ஷிப்புக்குப் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஒரு அலுவலர் இருப்பார். அவருக்கு நேரடியாக எழுதுங்கள். ரயில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் உங்கள் கடிதம் தாமதப் புகார்களுக்கும் பணம் திருப்பிக் கேட்கும் மனுக்களுக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும். நான் அப்படி எழுதிய கடிதத்துக்கு, ரயில் தாமதமானதற்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எந்த நிலையம், மாதத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், வார நாளா வார இறுதியா, என்ன வேலை தெரியும், தொலைபேசி எண். இவை போதும். படிப்பு, பட்டம், வேலை அனுபவம் எதுவும் தேவையில்லை. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் நினைவூட்டுங்கள். பல அலுவலர்கள் பகுதிநேரமாக வேலை செய்கிறார்கள், மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் ஊர் மன்றத்தை, அதாவது பாரிஷ் கவுன்சிலைக் கேளுங்கள். நிலையத்தில் யார் தொட்டி வைக்கிறார் என்று அங்கே யாருக்காவது கட்டாயம் தெரிந்திருக்கும்.

3. தோட்ட வேலை மட்டுமே இருக்கிறது என்று நினைக்காதீர்கள்

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மண்ணில் கை வைக்கப் பிடிக்காதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. நேர அட்டவணைகளை நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோய் வைக்கலாம். நிலையத்திலிருந்து தொடங்கும் நடைப்பயணங்களை வழிநடத்தலாம். விளக்கு எரியவில்லை, கைப்பிடி ஆடுகிறது என்பதை மாதாமாதம் பார்த்து அறிக்கை அனுப்பலாம். தனியாக ரயிலேறத் தயங்கும் முதியவர்களோடு முதல் பயணம் துணைக்குப் போகலாம்.

கடைசியாகச் சொன்னதில் தமிழ் தெரிந்தவர்களுக்குத் தனி இடம் இருக்கிறது. நம் அம்மாக்களும் அப்பாக்களும் பல ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தும் பிள்ளைகளின் கார் இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போவதில்லை. இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கத் தெரியாது, அறிவிப்பு புரியாது, இறங்க வேண்டிய இடம் தவறிவிடுமோ என்று பயம். அப்படிப்பட்ட நான்கைந்து பேரை ஒரு காலைப்பொழுதில் கூட்டிப்போய் இயந்திரத்தை அவர்கள் கையாலேயே இயக்கவைத்து, உதவிப் பொத்தானை அழுத்திப் பேசவைத்து, பக்கத்து ஊரில் தேநீர் குடித்துத் திரும்புவது மிகப் பெரிய உதவி. இந்த யோசனையைச் சொன்னால் பார்ட்னர்ஷிப் அலுவலர் உங்களை விட மாட்டார். பயணச் சீட்டுகளை ரயில் நிறுவனமே தர ஏற்பாடு செய்வதும் உண்டு.

பண்டிகை நிகழ்ச்சிகளும் நடத்தலாம், ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தீபாவளிக்கு எங்கள் நடைமேடையில் கோலம் போடக் கேட்டோம். மாவு தரையில் இருந்தால் வழுக்கும் என்று மறுத்துவிட்டார்கள். மரப்பலகைகளில் வண்ணம் தீட்டி வேலியில் பொருத்தலாம் என்று பேசி முடித்தோம். மழைக்கும் அழியாமல் அது இன்றும் நிற்கிறது, புள்ளிக்கோலம் என்றால் என்ன என்று பயணிகள் நின்று கேட்கிறார்கள்.

4. விசா நிலையைச் சரிபாருங்கள்

இதை ஒத்திப்போடாதீர்கள். பிரிட்டிஷ் குடியுரிமை, நிரந்தர வதிவிட உரிமை, அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்களும் ஊதியமில்லாத தன்னார்வப் பணி செய்யலாம்.

மாணவர் விசாவில்தான் கவனம் வேண்டும். உள்துறை அமைச்சகம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒப்பந்தமோ கட்டாய நேரமோ இல்லாமல், இஷ்டப்பட்டபோது வந்து ஒரு தொண்டு அமைப்புக்கு உதவுவது ஒரு வகை. சம்பளம் மட்டும்தான் இல்லை, மற்றபடி ஊழியரைப் போலக் கடமையும் நேரமும் விதிக்கப்பட்டிருக்கிறது என்றால் அது வேறு வகை. இரண்டாவது வகை, பட்டப்படிப்பு மாணவர்களுக்கான வாரம் 20 மணி நேர வரம்பில் சேர்ந்துவிடும். நிலையக் குழு வேலை பொதுவாக முதல் வகையில் அடங்கும். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மட்டும், மொத்தம் 30 நாள் வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். பல நிலையக் குழுக்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் அல்ல. ஆகவே ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குத் தோட்டக்கலை கைவந்த கலையாக இருந்தாலும், குழுவின் நிலையைக் கேட்காமல் அவர் பெயரைப் பதிவு செய்யாதீர்கள்.

தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்கள் தொண்டு நிறுவனத்திலோ பொதுத்துறை அமைப்பிலோ தன்னார்வப் பணி செய்யலாம். தனியார் வணிக நிறுவனத்துக்குச் சம்பளமில்லாமல் உழைக்கக் கூடாது. எனவே தொண்டு அமைப்பாகப் பதிவு பெற்ற குழு வழியாகச் சேருங்கள், சேருமுன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுபவர்கள் வேலை மைய அலுவலரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: செலவுத் தொகைக்கு மேல் யாராவது ஏதேனும் பணம் கொடுத்தால் வாங்காதீர்கள், அது ஊதியமாகக் கருதப்படலாம்.

5. ஆவணங்கள்

பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. பெயர், முகவரி, அவசரத் தொடர்புக்கு ஒருவரின் எண், உடல்நலத்தில் குழு தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் அது, பாதுகாப்பு விதிகளைப் படித்தேன் என்று ஒரு கையெழுத்து. இவற்றோடு ஒரு தன்னார்வலர் ஒப்புதல் படிவம் தருவார்கள். அதில் பொதுப் பொறுப்புக் காப்பீடு யாருடையது என்ற வரியைத் தேடுங்கள். ரயில் நிறுவனத்தின் காப்பீட்டில் நீங்கள் அடங்குகிறீர்களா, குழுவே தனியாக எடுத்திருக்கிறதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது டி.பி.எஸ். சான்று, குழந்தைகளோடும் ஆதரவு தேவைப்படும் பெரியவர்களோடும் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்குத்தான் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்னார்வலர்களுக்கு ஸ்டாண்டர்ட் என்ற வகைச் சான்றுக்கும் என்ஹான்ஸ்டு என்ற விரிவான சான்றுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. இடையில் நிற்கும் அமைப்பு மட்டும் சிறு சேவைக் கட்டணம் கேட்கலாம். அடிப்படைச் சான்றுக்கு எல்லோருக்கும் 21.50 பவுண்டு. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் வருகிறீர்கள் என்றால் எந்தச் சான்றும் தேவையில்லை. யாராவது பணம் கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

6. பாதுகாப்பு விளக்கம் முடியும்வரை எதையும் தொடாதீர்கள்

சேர்ந்த உற்சாகத்தில் மறுநாளே மண்வெட்டியோடு போய் நிற்பவர்கள் உண்டு. அனுமதியும் விளக்கமும் இல்லாமல் நடைமேடையில் வேலை செய்தால் காப்பீடு பொருந்தாது, குழுவுக்கே கெட்ட பெயர் வரும். விளக்கம் ஒரு மணி நேரம் இருக்கலாம், நிலையத்திலேயே நடக்கலாம். பெயர் கொடுத்ததிலிருந்து விளக்கம் கிடைக்கும்வரை ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் வியப்பில்லை.

நம்மில் பலர் வளர்ந்த ஊர்களில் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது அன்றாட வழக்கம். இங்கே அந்தப் பழக்கத்தை முற்றாக விட்டுவிட வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தரையோடு தரையாக ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ரயில் வராத நேரத்திலும் அதில் மின்சாரம் உண்டு. மேலே கம்பி செல்லும் பாதைகளில் 25,000 வோல்ட், அதைத் தொட வேண்டியதில்லை, நீளமான கம்போ பீய்ச்சும் தண்ணீரோ பக்கத்தில் போனாலே உயிர் போய்விடலாம். கையுறை காற்றில் பறந்து தண்டவாளத்தில் விழுந்தால் அது போனது போனதுதான். இறங்காதீர்கள், குச்சி விட்டு எடுக்கவும் முயலாதீர்கள். விளக்கத்தின்போது கொடுத்த எண்ணுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், சுவர்ப் பக்கமாகவே வேலை. நிற்காமல் கடந்துபோகும் ரயிலின் காற்று தொட்டியைக்கூட உருட்டிவிடும், ஆகவே ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நகருங்கள். காதில் ஒலிக்கருவி கூடாது. முதுகைத் தண்டவாளத்துக்குக் காட்டிக் குனியாதீர்கள். ஒளிரும் மேலங்கியை நிறுவனமே தரும். ஏணி, மின்கருவி, களைக்கொல்லி மூன்றையும் பெரும்பாலான குழுக்கள் அனுமதிப்பதில்லை. நடைமேடையில் குழி தோண்டவே கூடாது, அடியில் கேபிள்கள் ஓடும். அதனால்தான் எல்லாச் செடியும் தொட்டியில் இருக்கிறது.

தொட்டியை வைக்கும் இடத்திலும் விதி உண்டு. பார்வையற்றவர்கள் காலால் உணரும் புடைப்புத் தரைக்கு மேலேயும், சக்கர நாற்காலி திரும்பும் இடத்திலும், கேமராவின் பார்வையை மறைக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது.

சந்தேகத்துக்குரியது எதையாவது கண்டால் பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறைக்கு 61016 என்ற எண்ணில் குறுஞ்செய்தி, உயிருக்கு ஆபத்தென்றால் 999. நடைமேடை விளிம்பில் ஒருவர் ரயில்களை விட்டுவிட்டு நெடுநேரம் தனியாக நின்றால், பாதுகாப்பான தூரத்திலிருந்து சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாலே போதும். அப்படி ஒரு சின்னப் பேச்சு உயிரைத் திருப்பியிருக்கிறது என்பதைத்தான், மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் காதுகொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு ரயில்வேயோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அவர்களுடைய எண் 116 123, எந்நேரமும் இலவசம்.

7. உங்கள் கையிலிருந்து என்ன செலவாகும்

சேர்வதற்குக் கட்டணம் இல்லை. நல்ல கையுறையும் தண்ணீர் புகாத காலணியும் வாங்க வேண்டியிருக்கும். செடி, உரமண் செலவைக் குழு ஏற்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காரில் போனால் மைலுக்கு 45 பென்ஸ் வரை செலவுத் தொகையாக வரியில்லாமல் வாங்கலாம், குழுவிடம் பணம் இருந்தால். உரமண் மூட்டைகளைக் காரில் ஏற்றுவதாக இருந்தால் கார் காப்பீட்டு நிறுவனத்திடம் தன்னார்வப் பணிக்குப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

உண்மையான செலவு நேரம்தான். கோடையில் தண்ணீர் ஊற்றுவது பெரிய வேலை. பல சிறு நிலையங்களில் குழாயே கிடையாது. நாங்கள் நான்கு பைண்ட் பால் புட்டிகளைக் கழுவி வைத்து, எதிரே உள்ள கடையில் தண்ணீர் பிடித்துத் தூக்கிவருகிறோம். மூடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டால் அதுவே பூவாளி. ஒரு தொட்டிக்கு இரண்டு புட்டி வேண்டும், வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சேரும்போதே தண்ணீர் முறைப்பட்டியலில் உங்களால் முடிந்த நாளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

8. குழுவுக்கு நிதி கேட்பது

ஓராண்டு கழித்து இந்தப் பொறுப்பு உங்களிடம் வரக்கூடும், படிவம் நிரப்பத் தெரிந்தவர்களை எந்தக் குழுவும் தேடிக்கொண்டே இருக்கும். சிறு தொகைக்குப் பாரிஷ் கவுன்சிலும் கம்யூனிட்டி ரயில் நெட்வொர்க்கின் உறுப்பினர் மானியங்களும் எளிது. பெரிய தொகைக்கு நேஷனல் லாட்டரி நிதியத்தின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் திட்டம். இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண்டு வரை கேட்கலாம்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. குழுவுக்கு எழுத்தில் ஒரு விதித்தொகுப்பு வேண்டும். குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது இரண்டு பேர் ஒருவருக்கொருவர் உறவினராகவோ தம்பதியராகவோ ஒரே வீட்டில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவருக்கும் இதே விதிதான். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்று நம் சங்கங்களில் நடப்பது இங்கே முதல் வாசலிலேயே நின்றுவிடும். சமூகக் குழுவுக்கு வங்கிக் கணக்கு திறக்க மாதக்கணக்கில் ஆகலாம். எனவே மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த அன்றே கணக்குக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொரு விதி, செலவழித்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. மானியக் கடிதம் கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும். நிலையத்தில் நிரந்தரமாக எதையாவது பொருத்துவதென்றால், ஒரு பெஞ்சாக இருந்தாலும், ரயில் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வாங்குங்கள். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட நிலையம் என்றால் உள்ளாட்சியின் அனுமதியும் சேரும், அதற்குத் தனியாகச் சில மாதங்கள்.

9. எந்த மாதத்தில் என்ன

செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் டாஃபடில், டூலிப் கிழங்குகளை ஊன்ற வேண்டும். வசந்தத்தில் நிலையம் மஞ்சளாக இருப்பது அந்த வேலையின் பலன். கோடைப் பூச்செடிகளை உறைபனி ஓய்ந்த பிறகு, மே மாதக் கடைசியில் நடுங்கள். ஏப்ரலில் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நட்டால் ஒரே இரவில் கருகிவிடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், புதர்களை வெட்டாதீர்கள். சேருவதற்கு நல்ல நேரம் ஜனவரி, பிப்ரவரி. அப்போதுதான் அலுவலர்களுக்கு விளக்கம் நடத்த ஓய்வு இருக்கும்.

10. நீராவி ரயில்தான் ஆசை என்றால்

பழைய நீராவி ரயில்களை ஓட்டும் பாரம்பரிய ரயில்பாதைகள் தனி உலகம். வேல்ஸில் டாலிலின், சசெக்ஸில் புளூபெல், யார்க்‌ஷயரில் கீத்லி அண்ட் வொர்த் வேலி, மிட்லண்ட்ஸில் செவர்ன் வேலி என்று பல இருக்கின்றன. இவற்றுக்கு அந்தந்தப் பாதையின் சங்கத்திடமே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டியிருக்கும். தண்டவாளப் பக்கம் போகும் வேலைக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ரயில் ஓட்டும் வேலைகளுக்குக் கண்பார்வை, செவித்திறன் பரிசோதனையும் சேரும். நிறக்குருடு உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம், டிக்கெட் கூண்டு, சிற்றுண்டிச்சாலை, தச்சுப் பட்டறை எல்லாவற்றிலும் ஆள் தேவை.

முதல் நாளே எஞ்சினில் ஏற்றமாட்டார்கள். துடைப்பதில் தொடங்கி, கரி அள்ளிப் போடும் உதவியாளராகி, ஓட்டுநராவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இரும்பு முனை வைத்த காலணி உங்கள் செலவில் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான பாதைகள் வசந்தத்தில் ஓட்டத்தைத் தொடங்குவதால் பயிற்சிகள் குளிர்காலத்திலேயே நடந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.